உள்ளுறையும் வண்ணமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியை ஒருத்திக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய பழி என்னைச் சாராது. நம் வட்டத்தையே சாரும். ஈராண்டுகளுக்கு முன் நம் மாதக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் பெரிய ஓவிய நூலொன்றைக் கொண்டுவந்தார். அது கைமாறிக் கைமாறி வந்தது. உருவம் ஏதும் இல்லாத, வண்ணங்கள் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகிடந்த பக்கமொன்றைக் கண்ட மூத்த கவிஞர் ஒருவர் நூலை ஒருமுறை திருப்பிப் பிடித்தார், மீண்டும் திருப்பினார். "நான் இதை நேராகப் பிடித்திருக்கிறேனா, தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா?" என்றார். அவை சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் அவர் மெல்லக் கேட்டார்: "இதை வரைந்தவனுக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்குமே, அது இதில் எங்கே இருக்கிறது?"

அன்று எவரும் அதற்கு விடை கூறவில்லை. வினா எழுப்பிய பெரியவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஈராண்டு கழித்து நான் தரும் காலங்கடந்த விடையே இவ்வுரை. நான் ஓவியம் பயின்றவளல்லேன். இன்று பேசப்போகும் ஓவியத்தை நேரில் கண்டவளும் அல்லேன். அச்சுப் படிகளையும், அந்த ஓவியர் பணிபுரிவதைக் காட்டும் ஆவணப் படத்தையும் மட்டுமே கண்டிருக்கிறேன். பாடம் சொல்லிப் பழகிய ஒருத்தியின் வாசிப்பு இது என்ற அளவில் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

அடுக்களைச் சுவர்

ஓவியத்திற்குப் போகுமுன் எங்கள் பழைய வீட்டு அடுக்களைச் சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மா அச்சுவரில்தான் பால் கணக்கு எழுதுவார். நாள்தோறும் கரிக்கட்டியால் ஒரு கோடு. கூடுதலாக வாங்கிய நாளில் அதனருகே ஒரு சிறு கோடு. மாதம் முடிந்து பால்காரருக்குப் பணம் கொடுத்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார். ஆனால் கரி முழுதும் போகாது. சாம்பல் நிறத்தில் தங்கிவிடும் பழைய மாதத்தின்மீதே புதிய மாதத்தின் கோடுகள் ஏறும். ஆண்டுக்கொருமுறை பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும்போது அத்தனையும் மறையும். பின்னர் மீண்டும் முதற்கோடு.

ஓர் ஐப்பசியில் அம்மா காலமானார். சுவரில் அம்மாதக் கோடுகள் பாதியில் நின்றிருந்தன. தைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, அப்பா, "அந்தச் சுவர் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். ஏனென்று அவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நான் கல்லூரி விடுதியிலிருந்து பொங்கலுக்கு வந்தபோது அச்சுவர் வெள்ளையாக இருந்தது. ஆளை அழைக்காமல் அப்பா தாமே சுண்ணாம்பு கரைத்து, நீலம் கலந்து, மட்டையால் அடித்திருக்கிறார். எனக்கு வந்த சினத்தைச் சொல்லி முடியாது. "ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க?" என்றேன். "எத்தனை நாளைக்கும்மா அதையே பாத்துக்கிட்டு இருக்கறது?" என்றார். அவ்வளவே.

பல ஆண்டுகள் கழித்து, மழைக்காலத்தில் அச்சுவர் ஓதம் ஏறி, உள்ளங்கை அகலத்திற்குச் சுண்ணாம்பு பொரிந்து விழுந்தது. அந்த இடத்தில் இரண்டரைக் கோடுகள் தெரிந்தன. அவை அம்மாவின் கடைசி மாதத்துக் கோடுகளா, அதற்கும் பல ஆண்டுகள் முந்தியவையா என்று சொல்ல இயலவில்லை. நானும் அப்பாவும் அவற்றைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றோம்.

இச்சுவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவது ஒரு நாட்டின் பெருங்கொடுமையைப் பற்றியது. அதையும் என் வீட்டுத் துயரையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பது தகாது; நிறுக்கவும் மாட்டேன். மேற்பூச்சு என்பது எப்போது மறதியாகிறது, எப்போது நினைவாகிறது என்ற ஒரே வினாவின் பொருட்டே சுவரைச் சொன்னேன்.

ஓவியரின் வாழ்வு

கெர்ஹார்ட் ரிக்டர் 1932ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தார். அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஆசிரியரான தந்தை போருக்குச் சென்றார். குடும்பம் சிற்றூர்களில் வாழ்ந்தது. 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் டிரெஸ்டனைக் குண்டுவீசி எரித்தபோது ரிக்டர் 13 வயதுச் சிறுவன். தொலைவிலிருந்த மலையடிவார ஊரில் இருந்தார்.

அவருடைய தாயுடன் பிறந்தார் இருவரைப் பற்றி நாம் அறியவேண்டும். தாயின் உடன்பிறந்தவர் ரூடி, படையுடை அணிந்து புன்னகைத்த மாமா, போரில் மடிந்தார். தாயின் தங்கை மரியானே. ஜெர்மானியர் அத்தைக்கும் சித்திக்கும் ஒரே சொல்லையே வழங்குவர்; நம் வழக்கில் அவர் சித்தி. மனநோயாளி என்று முடிவுகட்டப்பட்ட சித்தியைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தி, பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் அடைத்துவைத்து, 1945 பிப்ரவரியில் பட்டினியாலும் மருந்தாலும் கொன்றனர். 'வாழத் தகுதியற்றோர்' என்று முத்திரையிட்டு நோயாளிகளைக் கொன்ற நாஜிக் கொள்கைக்கு இரையானோருள் அவரும் ஒருவர்.

போருக்குப்பின் கிழக்கு ஜெர்மனியில் ஓவியம் பயின்ற ரிக்டர், அரசு விரும்பிய பாணியில் சுவரோவியங்கள் தீட்டினார். 1959இல் மேற்கு ஜெர்மனியின் காசல் நகரக் கண்காட்சியில் ஜாக்சன் பொல்லாக் முதலியோரின் அரூப ஓவியங்களைக் கண்டது அவரை உலுக்கியது. 1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதங்களுக்கு முன், மேற்கே தப்பிச் சென்று டுசல்டார்ஃபில் மீண்டும் மாணவரானார். 1962இல் தீட்டிய 'மேசை' என்னும் ஓவியத்தையே தம் படைப்புப் பட்டியலில் முதலாம் எண்ணாக வைத்தார். இதழொன்றில் வந்த மேசையின் படத்தைப் பார்த்து ஒழுங்காக வரைந்து, பின்னர் அதன் நடுவே வண்ணத்தைக் குழப்பித் தேய்த்துவிட்ட ஓவியம் அது. வரைதலும் அழித்தலும் ஒரே ஓவியத்தில் நிகழவேண்டும் என்னும் முடிவு தொடக்கத்திலேயே அவரிடம் இருந்தது.

1965இல் குடும்பப் படத்தொகுப்பிலிருந்து ரூடி மாமாவையும் மரியானே சித்தியையும் வரைந்தார். சித்தியின் ஓவியத்தில் 14 வயதுச் சிறுமி நிற்கிறாள். அவள்முன் கிடக்கும் நான்கு மாதக் குழந்தை ரிக்டரே. ஈரம் காயுமுன் உலர்ந்த தூரிகையை மேலே இழுத்து, படம் முழுவதையும் மங்கலாக்கினார். அதற்கு முந்திய ஆண்டு, தம் மாமனார் குடும்பத்துடன் கடற்கரையில் சிரித்து நிற்கும் படமொன்றையும் வரைந்திருந்தார்.

அந்த மாமனார் மகப்பேற்று மருத்துவர், நாஜிகளின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்தவர், பெண்களைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்தியவர்களுள் ஒருவர். சித்தியை அழித்த அதே கொள்கையின் கருவி. இதனை ஜெர்மானியப் பத்திரிகையாளர் ஒருவர் ஆராய்ந்து வெளியிட்டது 2004ஆம் ஆண்டில்தான். ஓவியங்கள் பிறந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. இரையானவரையும் இரையாக்கியவரையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வரைந்தவர், அவ்விருவர்க்கும் இடையிலிருந்த இழையை அப்போது அறிந்திருக்கவில்லை. கை அறிந்ததை மனம் பின்னர்தான் அறிந்தது. கவிஞர்களாகிய உங்களுக்கு இது புதிதன்று. நாம் எழுதிய வரியொன்றின் பொருள் பத்தாண்டு கழித்து நமக்கே விளங்குவதில்லையா?

பூசுதலும் சுரண்டுதலும்

1980களிலிருந்து ரிக்டர் தம் அரூப ஓவியங்களுக்கு வேறொரு கருவியைக் கைக்கொண்டார். நீண்ட, வளையக்கூடிய நெகிழிப் பட்டை, அதற்கொரு மரப்பிடி. பூச்சைச் சமன்படுத்தக் கொத்தனார் சுவரில் இழுக்கும் நீண்ட பலகையை எண்ணிக்கொள்ளுங்கள். சில பட்டைகள் ஓவியரின் உயரத்தையும் விஞ்சுவன. அதன் விளிம்பில் வண்ணத்தை அப்பி, துணியின்மேல் அழுத்தி, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை உடல்முழுதும் சாய்ந்து இழுப்பார்.

இழுக்கும்போது இரண்டு நிகழ்கின்றன. பட்டையிலுள்ள புதிய வண்ணம் துணியில் படிகிறது. துணியிலிருந்த பழைய வண்ணமும் பட்டையோடு பிய்ந்து வருகிறது. அடியடுக்கு மேடாக இருக்கும் இடத்தில் புதிய வண்ணம் ஒட்டும். பள்ளமாக இருக்கும் இடத்தைத் தாண்டிச் செல்லும். அடியிலுள்ளது காய்ந்திருந்தால் ஒருவகைத் தோற்றம். ஈரமாயிருந்தால் வேறுவகைத் தோற்றம். அழுத்தமும் வேகமும் சற்று மாறினாலும் விளைவு மாறும். எது படியும், எது கிழியும் என்று இழுப்பவருக்கே முன்கூட்டித் தெரியாது. நாள்கணக்கில் காத்திருந்து மீண்டும் இழுப்பார். சில இடங்களைக் கத்தியால் சுரண்டுவார். அழகாக அமைந்துவிட்ட அடுக்கையும், போதாதென்று தோன்றினால் மூடிவிடுவார். 2011இல் வெளிவந்த ஆவணப் படத்தில் இதைக் காணலாம். அதில் என்னைக் கவர்ந்தது அவர் இழுக்கும் காட்சியன்று; இழுத்தபின் சுவரோரம் ஒதுங்கி நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி.

எனவே, அடியடுக்கு கண்ணுக்குத் தெரியாவிடினும் செயலற்றுக் கிடப்பதில்லை. மேலடுக்கு எங்கே ஒட்டவேண்டும், எங்கே விலகவேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. பெரியவர் கேட்ட வினாவுக்கான விடையின் முதற்பாதி இங்கே இருக்கிறது.

நான்கு நிழற்படங்கள், நான்கு ஓவியங்கள்

போலந்து நாட்டில் நாஜிகள் அமைத்த ஆஷ்விட்ஸ் முகாமில் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டனர்; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யூதர். அம்முகாமின் ஒரு பகுதி பிர்கெனாவ். அப்பெயர் பூர்ச்ச மரங்கள் நிறைந்த இடம் என்று பொருள்படுவது. மலரின் பெயரால் நிலத்தையும் ஒழுக்கத்தையும் வழங்கிய மரபினர் நாம். ஒரு மரத்தின் பெயர் கொலைக்களத்தின் பெயராய் நின்றுவிட்டதை எண்ணிப் பாருங்கள்.

நச்சுவாயுக் கூடங்களில் பிணங்களை அகற்றி எரிக்கும் பணிக்கு யூதக் கைதிகளே கட்டாயப்படுத்தப்பட்டனர். 1944 ஆகஸ்டில் அவர்களுள் ஒருவர், உள்ளே கடத்திக் கொண்டுவரப்பட்ட கேமராவால் நான்கு படங்கள் எடுத்தார். இரண்டு படங்கள் கூடத்தின் இருண்ட வாயிலுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டவை. வெளியே திறந்தவெளியில் பிணங்கள் எரிகின்றன. மூன்றாவதில் மரங்களுக்கிடையே, சாவதற்குமுன் ஆடை களையப்பட்ட பெண்கள் மூலையில் தெரிகின்றனர். நான்காவதில் மரக்கிளைகளும் வானமும் மட்டுமே. கேமராவை மறைத்தபடி, குறிபார்க்கவும் இயலாமல் எடுத்ததால், அது சாய்ந்து மேல்நோக்கிவிட்டது. படச்சுருள் பற்பசைக் குழாயொன்றில் மறைக்கப்பட்டு வெளியேறியது. அக்கொலைக்களத்தின் உள்ளிருந்து இரையானோரே எடுத்தனவாக நமக்குக் கிடைத்துள்ள படங்கள் இவையே.

ரிக்டர் 1960களிலேயே முகாம் படங்களைத் தம் படத்தொகுப்பில் சேர்த்துவைத்திருந்தார், வரைய இயலவில்லை. 1990களின் இறுதியில் பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடத்திற்குப் படைப்பொன்று அமைக்கும் பணி வந்தபோதும் அப்படங்களை எண்ணிப்பார்த்துக் கைவிட்டார்; நாட்டுக் கொடியின் மூவண்ணங்களைக் கண்ணாடியில் அமைத்துக் கொடுத்தார். 2008இல், மேற்சொன்ன நான்கு படங்களைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் ழார்ஜ் டிடி-ஊபர்மன் எழுதிய நூலுக்கு நாளிதழில் வந்த மதிப்புரையோடு, அவற்றுள் ஒன்றைக் கண்டார். அதனைத் தம் பணிக்கூடத்தில் வைத்துப் பார்த்துவந்தார்.

2014இல், 82ஆம் வயதில், அந்நான்கு படங்களையும் பெரிதாக்கி நான்கு துணிகளில் ஒளியாய் வீழ்த்தி, கரியாலும் வண்ணத்தாலும் வரைந்தார். ஒவ்வொன்றும் 260 செ.மீ. உயரமும் 200 செ.மீ. அகலமும் கொண்டது. வரைந்தது அவருக்கு நிறைவு தரவில்லை. அத்தகைய காட்சியை ஓவியமாக்கினால் ஓவியம் பொய்யாகிறது, அல்லது காட்சி அலங்காரமாகிறது. துணிகளைத் தூக்கி எறிந்திருக்கலாம். புதிய துணி எடுத்திருக்கலாம். அவர் அவ்விரண்டையும் செய்யவில்லை. வரைந்தவற்றின் மேலேயே பட்டையை இழுத்தார். கருமை, வெண்மை, சாம்பல், அவற்றினிடையே சிவப்பும் பச்சையும் என்று அடுக்கடுக்காய்ப் பூசினார், சுரண்டினார், மீண்டும் பூசினார். இறுதியில் நான்கு படங்களில் ஒரு துணுக்கும் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆனால் அவை அங்கே இருக்கின்றன.

மேற்கே தப்பிவந்த இளைஞன், சித்தியின் முகத்தை மங்கலாக்கிய கை, மாமனாரைப் பற்றிக் காலங்கடந்து அறிந்த உண்மை, அரை நூற்றாண்டுக் காலம் எடுப்பதும் கைவிடுவதுமாக இருந்த தயக்கம் ஆகிய அனைத்தும் அந்த இழுப்பின் அழுத்தத்தில் இருந்திருக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன். அவர் அப்படிச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. இது என் வாசிப்பு.

பெயர் சுட்டலும் வேம்பும்

இவ்வோவியங்கள் 2015இல் டிரெஸ்டனில் முதன்முதலில் காட்சிக்கு வந்தபோது அவற்றுக்குத் தனிப்பெயர் இல்லை. 'அரூப ஓவியங்கள்' என்ற பொதுப்பெயரும் எண்ணுமே இருந்தன. பின்னரே 'பிர்கெனாவ்' என்று பெயரிடப்பட்டன. இதையொட்டி எழுந்த விவாதம் கடுமையானது. பெயரை நீக்கிவிட்டால் இவை அவருடைய மற்ற ஓவியங்களைப் போன்றவையே அல்லவா, பெயர் ஒன்றே பொருளைச் சுமக்குமாயின் ஓவியத்திற்கு என்ன பணி என்று கேட்டோர் உண்டு.

இந்த இடத்தில் நம் இலக்கணம் எனக்குத் துணைநின்றது. ஐந்திணை அகப்பாட்டில் இன்னார் என்று சுட்டி எவர் பெயரும் சொல்லலாகாது என்பது தொல்காப்பிய நெறி. பெயர் சுட்டாதபோது துயர் எல்லார்க்கும் உரியது. சுட்டியவுடன் அது வரலாற்றுக்குள் நுழைந்து புறமாகிவிடுகிறது. நெடுநல்வாடையை நினைவுகூருங்கள். வாடையில் வாடும் அரசியும், பாசறையில் உறக்கமின்றிப் புண்பட்ட வீரரைக் காணச் செல்லும் அரசனும் பாட்டின் பொருள். அரசன் பெயர் பாட்டில் எங்கும் இல்லை. ஆயினும் வேலின் தலையில் வேம்பு சூட்டப்பெற்றிருப்பதைச் சுட்டி, அது பாண்டியர் அடையாளம் ஆதலால் இப்பாட்டு அகமாகாது, புறமே என்றார் நச்சினார்க்கினியர். ஒரு பூவின் பெயர் ஒரு பெரும்பாட்டின் திணையையே மாற்றிவிட்டது!

'பிர்கெனாவ்' என்ற பெயர் அந்த நான்கு ஓவியங்களின் வேலில் சூட்டப்பட்ட வேம்பு. பெயரில்லாதபோது அவை ஒரு மனிதனின் அகம். பெயர் வந்தபின் ஒரு நாட்டின் புறம். நெடுநல்வாடையை அகமாகவும் படிக்கலாம், புறமாகவும் படிக்கலாம் என்பதே அதன் சிறப்பு. வேம்பு ஒன்று மட்டும் இருந்து மற்ற அடிகள் இல்லாதிருந்தால் பாட்டு ஏது? அடிகள் இருந்து வேம்பு இல்லாதிருந்தால் யாருடைய போர் என்று தெரியாது. கொலையுண்டோர்க்கு முகவரி உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது அவர்களை இரண்டாம் முறை எரிப்பதாகும். ஆதலால் இங்கே பெயரிடுதல் ஒரு கடமை என்றே நான் கருதுகிறேன். அகத்தின் நாகரிகம் பெயரை மறைப்பது. புறத்தின் அறம் பெயரைச் சொல்வது. ஓர் ஓவியர் இரண்டையும் ஒரே படைப்பில் செய்யவேண்டியவர் ஆனார்.

பின்னர் அவ்வோவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அருகே அந்நான்கு நிழற்படங்களின் சிறு படிகளும் வைக்கப்பட்டன; எதிரே பெரிய சாம்பல்நிறக் கண்ணாடிகள் நிறுத்தப்பட்டன. பார்க்க வருபவர் கண்ணாடியில் ஓவியத்தையும் காண்பார், அதன்முன் நிற்கும் தம்மையும் காண்பார். 2017 முதல் இவ்வோவியங்களின் நிழற்படப் படிகள் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் நுழைவுக் கூடத்தில், முன்பு அவர் அமைத்த கொடிவண்ணத்திற்கு எதிரே இருக்கின்றன. எண்ணிக் கைவிட்டது ஏறத்தாழ இருபதாண்டு கழித்து அதே கூடத்தில் வந்து நின்றது.

மறைத்தலும் உறைத்தலும்

இனி நமக்குரிய பகுதிக்கு வருகிறேன். ஆஷ்விட்ஸுக்குப் பின்னும் கவிதை எழுதுவது நாகரிகமாகுமா என்னும் பொருள்படத் தத்துவ அறிஞர் அடார்னோ 1949இல் எழுதினார். பின்னாளில், வதைபட்டவனுக்கு அலறும் உரிமை உண்டு என்று தம் கருத்தைத் தாமே தளர்த்திக்கொண்டார். பெற்றோரை முகாமில் இழந்த பால் செலான் என்னும் கவிஞர் அந்தக் கொலையாளிகளின் மொழியாகிய ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். தொடக்கத்தில் விரிந்த அவர் கவிதை ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கி இறுகியது. சொல்லாமலும் இருக்கமுடியாது, சொல்லவும் முடியாது என்ற இடத்தில் நின்றவர்கள் இவர்கள்.

நாம் எழுதுபவை இத்துணைப் பெரிய துயர்கள் அல்ல. ஆயினும் வழி ஒன்றுதான் என்று தோன்றுகிறது. நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டில் அம்மாவைப் பற்றி ஒரு நீண்ட கவிதை படித்தேன். கரிக்கோடு, பால் கணக்கு, ஐப்பசி மாதம், அப்பாவின் சொல் எல்லாம் அதில் இருந்தன. அனைவரும் என்பால் இரக்கம் காட்டினர். கவிஞர் ஒருவர் மட்டும் தனியே அழைத்து, "உங்கள் அம்மாவுக்காக வருந்தினேன், கவிதை என்னை ஒன்றும் செய்யவில்லை" என்றார். வருத்தமாயிருந்தது, ஆனால் உண்மை. எட்டு மாதங்கள் அக்கவிதையின் மேலேயே எழுதி எழுதி அடித்தேன். அம்மா போனார், பால் போயிற்று, சுவரும் போயிற்று. எஞ்சியது சுண்ணாம்பு நீற்றுவதைப் பற்றிய ஒன்பது அடிகள். கிளிஞ்சல் சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் அது தீயின்றியே கொதிக்கும் அல்லவா, அது மட்டும். அதை இங்கே படித்த அன்று, என்னை அதுவரை அறியாத உறுப்பினர் ஒருவர் கூட்டம் முடிந்ததும் அருகே வந்து, "உங்க வீட்ல யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். அன்றுதான் எனக்கு உள்ளுறை என்னும் இலக்கணம் விளங்கியது. அதற்குமுன் பல ஆண்டுகளாய் அதை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன்.

இதோடு நிறுத்தினால் இவ்வுரை தற்புகழ்ச்சியாகிவிடும். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்த ஒன்பது அடிகள் பெற்ற பாராட்டால் நான் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டேன். சொல்லாமல் விட்டால் ஆழம் என்று கொள்வார்கள் என்னும் வித்தை. அடியில் ஒன்றும் வரையாமலே மேலே வண்ணம் பூசத் தொடங்கினேன். உடைந்த தொடர்கள், ஒன்றோடொன்று ஒட்டாத படிமங்கள், முடியாத முடிவுகள். அவற்றுள் ஒன்று நம் ஐந்தாம் ஆண்டு மலரில் அச்சாகியிருக்கிறது. அதற்கு நீங்கள் கைதட்டினீர்கள். அதன் உள்ளுறை யாது என்று என்னைக் கேட்டவர்களிடம், வாசகரே கண்டுகொள்ளவேண்டும் என்று பெருமிதமாக விடையளித்தேன். அன்பர்களே, அதில் கண்டுகொள்ள ஒன்றுமில்லை. எந்தக் கவிதை என்று இங்கே சொல்லமாட்டேன். மலரைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும்.

இருண்மை பற்றி நம் வட்டத்தில் பத்தாண்டுகளாய்ச் சண்டையிட்டுவருகிறோம். புரியும் கவிதை, புரியாத கவிதை என்று கட்சி பிரிந்திருக்கிறோம். அந்தப் பிரிவினையே தவறு என்று இப்போது தோன்றுகிறது. அடியில் ஒன்று வரையப்பட்டதா என்பதே கேட்கவேண்டிய வினா. வரையப்பட்டிருந்தால் மேலே எத்தனை அடுக்கு ஏறினாலும் அது மேற்பரப்பைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஒரு சொல்லை ஒட்டவிடும், மற்றொன்றைத் தள்ளிவிடும். வரையப்படாவிட்டால் எந்தச் சொல்லும் எங்கும் ஒட்டும். அடியில் ஒன்றை வைத்து மூடுவது உறைத்தல். இல்லாததை இருப்பதுபோல் மூடுவது மறைத்தல். வெளியே இரண்டும் ஒரே வெள்ளை. வாசகர் சில காலம் ஏமாறலாம், எழுதியவர் ஏமாறமுடியாது.

ரிக்டர் நான்கு படங்களையும் முதலில் முழுமையாக வரைய முயன்றார் என்பதை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப்பார்க்கிறேன். கண்ணால் பார்க்கக் கூசும் காட்சியைக் கையால் அணு அணுவாகத் தொடர்ந்து செல்வது எளிதன்று. அந்த உழைப்பு முடிந்தபின்தான் மூடும் உரிமை அவருக்குக் கிடைத்தது. நாமோ முதல் வரைவை எழுத அஞ்சி, நேரே மேற்பூச்சுக்கு வந்துவிடுகிறோம். அழவேண்டியதை அழுது முடிக்காமல் குறியீடு தேடுகிறோம். இளங்கவிஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே: முதலில் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். பெயரோடும் நாளோடும் ஊரோடும் எழுதுங்கள். வெட்கப்படத்தக்க அளவுக்கு வெளிப்படையாக எழுதுங்கள். அதை எவரிடமும் காட்டவேண்டா. பிறகு அதன் மேலேயே எழுதுங்கள்.

நிறைவாக

மதிப்பிற்குரிய பெரியவர் அவர்களே, இதை வரைந்தவனின் வாழ்க்கை இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். மேலே ஒட்டியிருக்கும் வண்ணம் ஏன் அங்கே மட்டும் ஒட்டி, இங்கே கிழிந்திருக்கிறது என்பதில் இருக்கிறது என்பது என் விடை. நேராகப் பிடித்திருக்கிறேனா, தலைகீழாகப் பிடித்திருக்கிறேனா என்றும் கேட்டீர்கள். அதற்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. ஆனால் நூலை இருமுறை திருப்பிப் பார்த்தவர் அன்று நீங்கள் ஒருவரே. நாங்கள் எல்லோரும் பார்த்தும் பாராமலும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டோம்.

என் அப்பா இப்போது இல்லை. வீட்டையும் விற்றாயிற்று. வாங்கியவர் சுவரை இடித்தாரோ, மேலே வேறு வண்ணம் அடித்தாரோ, நான் சென்று பார்க்கவில்லை. அப்பா ஆளை அழைக்காமல் தாமே ஏன் வெள்ளையடித்தார் என்பதை மட்டும், அந்த ஜெர்மானிய ஓவியர் சுவரோரம் ஒதுங்கி நின்று தம் ஓவியத்தைப் பார்க்கும் காட்சியைப் படத்தில் கண்ட அன்று அறிந்துகொண்டேன். அச்சுவரின்முன் மட்டையோடு அவர் எவ்வளவு நேரம் நின்றிருப்பாரோ! அவரிடம் நான் கொண்ட சினத்திற்கு இவ்வவையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்தாண்டுகள் என்பது ஓர் இலக்கிய வட்டத்திற்குச் சிறிய காலமன்று. நூற்றுக்கு மேற்பட்ட மாதக் கூட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்திருக்கின்றன. நம்மோடு அமர்ந்து கேட்டு, இன்று நம்மிடையே இல்லாதவர்களின் குரலும் அவற்றின் அடியில் இருக்கிறது. நாம் இனி எழுதுவது எங்கே ஒட்டவேண்டும் என்பதை அவர்களும் சேர்ந்தே தீர்மானிப்பார்கள்.